ஞாயிற்றுக்கிழமை வந்த மூடுபனி

ஜூன் 5, வியாழன்

அதனால்தான் கேட்கிறேன் சாமி, நீயே நியாயம் சொல்லு. ஒரு வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் ஐஸை நம்பிப் பிழைக்கப் போனால் அடுப்பை யார் பார்ப்பது? தம்பி ஐஸ் போடுகிறான். தம்பி மகள் அந்த ஐஸ் மேல் நின்று கோல் தடுக்கிறாள். நான் அந்த அணிப் பெண்கள் அத்தனை பேருடைய வேர்வைத் துணியையும் துவைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உலை வைக்க ஆளில்லை.

இந்த டைரி ஐஸ் ஹாக்கி லீக்காரர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் இரண்டு ஹாக்கி மட்டை குறுக்காகப் போட்டிருக்கிறது. வாலுதான் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். வாலு என்றால் தம்பி மகள். அவள் அம்மா போனதிலிருந்து என்னிடம் வளர்ந்தவள், அதனால் வாய் நீளம். "அத்தை, நீ பேசறதுல பாதியை இதுல எழுதிடு. எங்க காது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றாள். நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். நீ ஒருத்தன்தானே படிக்கப் போகிறாய், பரவாயில்லை.

இப்போது ஐஸ் போடுகிற கட்டடம் போன வருஷம் வரை பழக் கிடங்கு. தம்பி பதினெட்டு வருஷம் அங்கே குளிர் மிஷினைப் பார்த்துக்கொண்டான். கிடங்கை மூடியதும் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். நான் உன்னை எவ்வளவு திட்டினேன் என்று உனக்கே தெரியும். அப்புறம்தான் இந்த லீக் வந்தது. நாடு முழுக்க எட்டு ஊர், எட்டுப் பெண்கள் அணி, இதுதான் முதல் வருஷம். எங்கள் ஊருக்கு அந்தக் கிடங்கையே எடுத்துக்கொண்டார்கள். தம்பியையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். எட்டில் எங்கள் அரங்கம்தான் சின்னது. சின்னதாக இருந்தால் என்ன, மிளகு சின்னது என்றால் காரம் போய்விடுமா?

சனிக்கிழமை முதல் ஆட்டம். அவள் கைகாலை உடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள். ஜெயிப்பதெல்லாம் அப்புறம்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று தோற்றோம். இன்று ஜெயித்தோம்!

வந்த அணியோடு சனி ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊரில். ஒரு கறுப்பு வில்லையை ஆளுக்கு ஒரு மட்டையால் துரத்துகிறார்கள். அது எங்கே போகிறது என்று என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எல்லாரும் கத்தின பிறகுதான் கோல் என்று தெரிகிறது. வாலு தலையணை மாதிரி காலில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வில்லை வந்து அவள் மேல் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் அடிக்கிறது.

ஆளுக்கு ஒரு ஜெர்சிதான் வந்திருக்கிறது. இரண்டாவது செட் "வருது, வருது" என்கிறார்கள். ஆகையால் சனி ஆட்டம் முடிந்ததும் துவைத்து, ஞாயிறு மதியத்துக்குள் காய வைக்க வேண்டும். மொட்டை மாடியில் போட்டேன். வெயில் நம் பக்கம்.

துணி மடிக்கத் தம்பி வந்தான், போடா என்று துரத்தினேன். அவனுக்கு நாலாக மடிக்க வராது. அரங்கத்து ரப்பர் குழாய் மாதிரி எல்லாவற்றையும் சுருட்டுவான். "இடம் அடைக்காதுக்கா" என்பான். இருபது வருஷச் சண்டை இது.

ஜூன் 16, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. விடுகிற மாதிரி இல்லை.

ஜூன் 21, சனி

இன்றைக்கு எனக்கு நீ ஒரு வழி காட்டினாய்.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். இருபது ஜெர்சி, இருபது உள்சட்டை, நாற்பது சாக்ஸ். வெளியே கொட்டுகிறது. எங்கே காய வைப்பேன்? அரங்கத்துக்குப் பின்னால் ஒரு அறை. என் துடைப்பமும் வாளியும் இருக்கிற இடம். அங்கேதான் ஈரம் உறிஞ்சும் மிஷின் இருக்கிறது. அரங்கத்துக் காற்றை இழுத்து, ஈரத்தை எடுத்துவிட்டு, காய்ந்த காற்றை உள்ளே அனுப்புமாம். காற்று போகிற வழியில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு கதவு. வாளியை வைக்கப் போனவள் சும்மா திறந்து பார்த்தேன். முகத்தில் அடித்தது பார் காற்று! பங்குனி வெயில் மாதிரி. கையில் இருந்த ஈரத் துணி நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

இரண்டு பக்கமும் ஆணி அடித்தேன். கயிறு கட்டினேன். எல்லாவற்றையும் தொங்க விட்டுக் கதவைச் சாத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்குத் தன் துண்டையும் கொண்டு வந்து தொங்க விடுவார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் ஜெர்சியை மட்டும் எடுத்துப் பார்த்தால் (சாக்ஸுக்கும் உள்சட்டைக்கும் மாற்று உண்டு, அவை தொங்கட்டும்) அப்பளம் மாதிரி மொறுமொறு என்று இருக்கிறது. பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கோச்சம்மா கையில் வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த மழையில எப்படிம்மா காய வச்சீங்க?"

"எல்லாம் அவன் அருள்" என்று மேலே கை காட்டினேன்.

ஆனால் ஆட்டத்தில்தான் கஷ்டம். ஜனம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஐஸிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. முதலில் யாரோ சிகரெட் பிடிக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் மூடுபனி! இடுப்பு வரைக்கும் மூடிக்கொண்டது. பெண்களெல்லாம் மேகத்தில் நடக்கிற மாதிரி இருந்தார்கள். பார்க்க அழகுதான், வில்லை தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, படுக்கை விரிப்புகளைக் கொண்டு வரச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சறுக்கி விசிறினார்கள். நாற்பது நிமிஷம் போயிற்று.

லீக்கிலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றவே மாட்டார். அதனால் தொப்பிக்காரர். அவர் தம்பியைக் கூப்பிட்டார். "உங்க மிஷின் ஒழுங்கா ஓடுதா இல்லையா?"

"ஓடுதுங்க. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மிச்ச ஆட்டத்தை வேற ஊருக்கு மாத்திடுவோம்."

வேறு ஊர் என்றால் அடுத்த வருஷம் இந்த ஊருக்கு அணி இல்லை. அணி இல்லை என்றால் தம்பி மறுபடி சுவரைப் பார்க்க வேண்டியதுதான். சாமி, அந்தப் பனியை மட்டும் நீ தள்ளி விடு. உன் பேரைச் சொல்லி ஒரு வேளை பட்டினி இருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

ஆளுக்கு ஒரு காரணம். கோச்சம்மா ஜனத்தின் மூச்சுக்காற்று என்கிறார். டிக்கெட் கிழிப்பவர் கதவு என்கிறார். தம்பி மிஷினைப் பிரித்து, துடைத்து, மாட்டி, மறுபடி பிரித்தான். ஒரு குறையும் இல்லை. "ஐஸுக்கு மேல ஈரக்காத்து நிக்குதுக்கா. ஈரம் எங்கிருந்து வருதுன்னுதான் தெரியலை" என்றான். சோறு சாப்பிடும்போது கூட அவன் கண் மிஷினையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"கவலைப்படாதடா, நான் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஜூலை 5, சனி

ஜெயிச்சோம், ஜெயிச்சோம்! மூன்றுக்கு ஒன்று. பனி துளி கூட இல்லை. கண்ணாடி மாதிரி ஐஸ். தம்பி இன்றைக்குத்தான் சிரித்தான்.

துணியைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பட்டினி பலித்தது.

ஜூலை 6, ஞாயிறு

எழுதவே கை வரலை.

பனி வந்துடுச்சு சாமி. போன தடவைக்கும் மேல. வாலு நிக்கிற இடத்துல இருந்து எதிர்ப்பக்கக் கோல் தெரியலை. வில்லை மூக்குக்கு நேரா வந்த பிறகுதான் அவ பார்த்தா. கழுத்துல பட்டு விழுந்துட்டா. கழுத்துக் கவசம் இருந்ததால பொழைச்சா. நான் கத்தினது கட்டடம் பூரா கேட்டிருக்கும். விரிப்பு, விசிறி ஒண்ணும் பலிக்கலை. ஆட்டத்தை நிறுத்தி எதிர் அணிக்கே பாயிண்ட் குடுத்துட்டாங்க. புதன்கிழமை கூட்டமாம். அதுல முடிவு சொல்வாங்களாம்.

ஜனமெல்லாம் தம்பியைப் பார்த்த பார்வை இருக்கே. ஒருத்தன் சொல்றான், "பழம் பாத்துக்கிட்டிருந்தவனை ஐஸ் பாக்கச் சொன்னா இப்படித்தான்." தம்பி பின்னாடி மிஷின் அறைக்குப் போனவன் ரொம்ப நேரம் வரலை.

நான் என்ன குறை வச்சேன் உனக்கு? ஒரு நாள் விளக்கு அணையவிட்டேனா? ஏன் சனிக்கிழமை விட்டுட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பனியை அனுப்பறே?

ஜூலை 7, திங்கள்

உன்னோடு பேச்சு இல்லை.

தகரப் பெட்டிக் கதவில் தம்பி புதுப் பூட்டு மாட்டியிருக்கிறான். கூட்டம் வரைக்கும் யாரும் அந்த மிஷினைத் தொடக்கூடாதாம். தொப்பிக்காரர் பயம். இருக்கட்டும். சாக்ஸும் உள்சட்டையும் கூடையோடு நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டன. இனிமேல்தான் இடம் பார்க்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

பயிற்சிச் சட்டைகளைத் துவைத்து ஈரத்தோடேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தேன். ஏழெட்டுச் சட்டை முடிந்திருக்கும். கோபம் இருந்தாலும் பழக்கதோஷம், நிமிர்ந்து உன் படத்தைப் பார்த்தேன். நீ இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "வாலு! ஓடி வாடி! சாமிக்கு வேர்க்குது!" என்று கத்தினேன்.

அவள் கழுத்தில் கட்டோடு வந்தாள். விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தாள். "சாமிக்கு வேர்க்கலை அத்தை. உன் சட்டைக்கு வேர்க்குது. இவ்வளவு ஈரத்தையும் நீ காய வைக்கிறியே, அது எங்க போகும்னு நினைச்சே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு இடி.

அது எங்க போகும்? எங்க போகும்?

சனிக்கிழமை சாயங்காலம் துவைக்கிறேன். ஞாயிறு மதியம் வரைக்கும் அந்தப் பெட்டியில் தொங்குகிறது. அந்தக் காற்று எங்கே போகிறது? நேரா ஐஸுக்கு. அவன் மிஷின் ஒரு பக்கம் ஈரத்தை எடுக்கிறது, நான் இன்னொரு பக்கம் ஊட்டுகிறேன். வெயில் அடித்த வாரம் மாடியில் போட்டேன், அந்த ஞாயிறு பனி இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. ரெண்டு வாரமா நான் உன்கிட்ட தள்ளச் சொன்ன பனியை நானேதான் தொங்கவிட்டிருக்கேன். நீ மேலே இருந்து சிரிச்சிருப்பே.

அதுக்கும் மேல ஒண்ணு. "எல்லாம் அவன் அருள்"னு கோச்சம்மாகிட்ட சொன்னேனே. ஆணியும் கயிறும் என்னுது, பேர் மட்டும் உன்னுது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள். நான் பதினாறு நாள் ஓட்டியிருக்கேன்.

சொல்லிட்டா என் வேலை போயிடும். சொல்லலைன்னா அவன் வேலை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசிக்கிறேன். அதுதான் வெட்கம்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன்.

அரங்கத்து ஆபீஸ் அறையில் தொப்பிக்காரர், கோச்சம்மா, தம்பி மூன்று பேர். கதவைத் தட்டாமலே போனேன். நான் உள்ளே நுழையும்போது தம்பி பேசிக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுதாங்க. மிஷினை நான் சரியாப் பாக்கலை. என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போடுங்க. ஆட்டத்தை மட்டும் ஊரை விட்டுக் கொண்டு போயிடாதீங்க."

"பொய்!" என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது, அவ்வளவு சத்தம். "சாவியைக் குடுடா."

"எதுக்குக்கா? நீ வீட்டுக்குப் போ."

"குடுன்னா குடு."

"அக்கா, பெரியவங்க பேசிட்டிருக்கோம், போயேன்—"

"உன்னைவிட எட்டு வயசு பெரியவ நான். குடுடா சாவியை!"

எல்லாரையும் மிஷின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டைத் திறந்தேன். கயிறு இல்லை. எங்கே போயிற்று? அதை யோசிக்க நேரமில்லை. ஆணி இரண்டும் இருந்தன. "இதோ பாருங்க. இது நான் அடிச்சது. இங்க கயிறு கட்டி இருபது பேர் துணியையும் நான்தான் காய வச்சேன். ரெண்டு தடவையும் சனிக்கிழமை. ரெண்டு தடவையும் ஞாயித்துக்கிழமை பனி. தம்பி மேல ஒரு தப்பும் இல்லை. சாமி மேலயும் இல்லை. நான் சொன்னது பொய்" என்றேன், கோச்சம்மாவைப் பார்த்து. அவருக்குச் சாமி எங்கே வந்தது என்று புரிந்திருக்காது.

தொப்பிக்காரர் பெட்டிக்குள் தலையை விட்டார். "துணியில மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்கும்மா?"

"எவ்வளவு பிழிஞ்சாலும் ஒரு வாளி நிக்குங்க."

"ஒரு வாளித் தண்ணியை என் ஐஸ் மேல ஊத்தியிருக்கீங்க."

"ஆமாங்க. பக்தியோட ஊத்தியிருக்கேன்."

கோச்சம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் தொப்பிக்காரர் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு முடி இல்லை. அதையும் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரிப்பு முடிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "இருபதாம் தேதி ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். அன்னிக்கு ஐஸ் தெளிவா இருந்தா இந்த ஊர் இருக்கும். பனி வந்தா நான் எதுவும் பண்ண முடியாது. இந்த அம்மா அந்த அறைப் பக்கமே வரக் கூடாது." என் வாளிக்கு வேறு இடம் கொடுத்துவிட்டார்கள். வேலை இருக்கிறது.

வரும் வழியில் தம்பியிடம், "மன்னிச்சுடுடா" என்றேன். "சரிக்கா, விடு" என்றான். அவ்வளவுதான். ஒரு ஆச்சரியம் கூட இல்லை அவன் முகத்தில். களைப்பு போலிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

இரண்டாவது செட் இன்னும் "வருது, வருது". மழையும் நிற்கவில்லை. சனிக்கிழமை துவைத்து ஞாயிறு மதியத்துக்குள் இருபது ஜெர்சி. எங்கே? எங்கள் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு இஸ்திரிப் பெட்டி. இரண்டுக்கு மேல் காயாது.

இருபது வீடு இருந்தால்?

ஜூலை 17, வியாழன்

தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். என் வாய் இதற்காவது பயன்படட்டும். தையற்காரர் அம்மாதான் முதல். "ஒரு சட்டைதானே? குடு, என் பிள்ளை சட்டை மாதிரி காய வச்சுத் தரேன். எந்த நம்பர்?" என்றாள். மாடி வீட்டு டீச்சர் இரண்டு கேட்டார். "ஆளுக்கு ஒண்ணுதான் டீச்சர், பேராசைப்படாதீங்க" என்றேன். ஆறு மாதமாக என்னோடு பேசாமலே இருந்த மளிகைக்காரர் மனைவி கூட, "எனக்கு ஏன் சொல்லலை?" என்று சண்டைக்கு வந்தாள். பத்தொன்பது வீடு சேர்ந்தது. இருபதாவது எங்கள் வீடு. வாலுவின் சட்டை.

ஜூலை 20, ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — தெரிந்தது சாமி! ஐஸ் தெரிந்தது, கோடு தெரிந்தது, எதிர்ப்பக்கக் கோல் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் ஈர ஜெர்சியைத் தெருவில் கொடுத்தேன். இன்று மதியம் ஒவ்வொருத்தியும் கையில் இஸ்திரி மடிப்போடு அரங்க வாசலுக்கு வந்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று பார்த்தால் போகவில்லை. அவரவர் நம்பர் ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். புருஷன், பிள்ளை, மாமியார் எல்லாரும் பின்னாலேயே. டிக்கெட் கிழிப்பவர் கிழித்து மாளவில்லை. எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு ஜனம், இவ்வளவு மூச்சு! தம்பியைத் தேடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். கையை மட்டும் காட்டினான், உட்கார் என்று.

இரண்டாவது பாகத்தில் மூலையில் லேசாக வெள்ளையாகக் கிளம்பியது. என் மூச்சை நானே பிடித்துக்கொண்டேன், நம் பங்குக்குக் குறையட்டும் என்று. அது முழங்கால் உயரம் கூட வரவில்லை. கரைந்து போயிற்று.

ஒன்பதாம் நம்பர் கோல் போட்டாள். தையற்காரர் அம்மா எழுந்து நின்று, "எங்க வீட்டுச் சட்டை! எங்க வீட்டுச் சட்டை!" என்று பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்தாள். அவர் எதிர் அணிக்காரர்.

மூன்றுக்கு இரண்டு, தோற்றோம். வாலு வாங்கிய மூன்று கோலும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "இது வரைக்கும் பனி மேல பழி போட்டேன் அத்தை, இனிமே என்ன பண்றது?" என்றாள். "நல்லா ஆடு" என்றேன்.

தொப்பிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

இன்னும் சேதி இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கடிதம் வந்தது. எட்டில் ஆறாவது இடம். அடுத்த வருஷமும் எங்கள் ஊர் ஆட்டம் எங்கள் ஊரிலேதான். தம்பிக்கு உதவியாக இன்னொரு ஆளும் போடுகிறார்களாம். அவன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். நான் பார்க்காதது போல இருந்தேன்.

இன்னொரு கூத்து. எல்லாம் முடிந்த பிறகு இரண்டாவது செட் ஜெர்சி வந்து சேர்ந்தது! வாலு பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் கொட்டினாள். மூன்று பேரும் உட்கார்ந்து மடித்தோம். அதாவது நானும் அவளும் மடித்தோம். தம்பி சுருட்டினான். "அடேய், இது ரப்பர் குழாயா? புதுச் சட்டைடா!" என்று திட்டிக்கொண்டே அவன் சுருட்டியதை வாங்கிப் பிரித்தேன்.

உனக்கு நன்றி சொல்லி விளக்கு ஏற்றிவிட்டு இப்போது எழுத உட்கார்ந்தேன். பேனா பாதியில் நின்றுவிட்டது. ஒன்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இரண்டாவது பனி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சாக்ஸும் உள்சட்டையும் எடுக்க நான் அந்த அறைக்குப் போனேனே, அப்போது கயிற்றில் ஒன்றுமில்லை. எல்லாம் கூடையில் இருந்தது. அழுகையில் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து பிரித்தேன், ஒவ்வொன்றாக, நாற்பது சாக்ஸும் ரப்பர் குழாய் மாதிரி சுருட்டி இருந்தது.